நடன வகுப்பில் போன்: முதல் கேள்வியிலிருந்து சேமிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காலத்தில் என் போனில் நானூறுக்கும் மேற்பட்ட வகுப்பு வீடியோக்கள் இருந்தன. நானோ மாணவர்களோ திரும்பிப் பார்த்தவை அவற்றில் இருபதுகூட இருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவைத்தால் என்றாவது உதவும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு மாணவியின் கேள்வி.

"டீச்சர், நான் சாயறேன்னு சொல்றீங்க. எந்த இடத்துல சாயறேன்?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போனைப் பக்கவாட்டில் வைத்து, அந்தக் கோர்வையை (தொடர்ந்து வரும் அசைவுகளின் வரிசையை) மட்டும் பதினைந்து நொடி எடுத்தோம். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறுவதற்குச் சற்று முன்பே, காலைத் தூக்கும் முன்பே, அவள் உடல் இடுப்பில் மடங்கிவிடுகிறது. மூன்று மாதமாக நான் "நிமிர்ந்து நில்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்துதான் நின்றாள். தவறு நிற்பதில் இல்லை, கிளம்புவதில் இருந்தது.

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரே விதி: கேள்வி முதலில், கேமரா அப்புறம். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த விதியை ஒட்டியவை. பரதம், கதக், பாலே, ஹிப்-ஹாப் என எந்த வடிவத்தைக் கற்பித்தாலும் பெரும்பகுதி பொருந்தும். எனக்கு நெருக்கமானது பரதம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் அதிகம் வரும்.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

அசைவைக் கேமராவால் ஆராய்ந்த கதையே ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஏதாவது ஒரு கணத்தில் ஒன்றாகத் தரையை விடுகின்றனவா? 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, ஆம், விடுகின்றன என்று காட்டினார். கேள்வி அவ்வளவு குறுகலாக இருந்ததால்தான் கேமராக்களை எங்கே வைப்பது, எப்போது படமெடுப்பது என்பதெல்லாம் தெளிவாயிற்று.

நம் வகுப்பிலும் அப்படித்தான். "என் நடனம் எப்படி இருக்கிறது?" என்பதற்கு எந்த வீடியோவாலும் பதில் சொல்ல முடியாது. "மூன்றாம் காலத்தில் என் அரைமண்டி எத்தனையாவது ஆவர்த்தனத்தில் உயரத் தொடங்குகிறது?" என்று கேட்டால் முடியும். (மூன்றாம் காலம் என்பது மூன்றில் மிக வேகமான நடை; அரைமண்டி, முழங்கால்களை வெளிப்புறம் மடக்கிப் பாதி அமரும் நிலை; ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று.) "திரும்பும்போது தலை முதலில் வருகிறதா, தோள் முதலில் வருகிறதா?", "குதித்து இறங்கும்போது என் முழங்கால் பாதத்தின் திசையில்தான் மடங்குகிறதா?" இவையும் நல்ல கேள்விகள். ஓர் உடல் பகுதி, ஓர் இடம், ஒரு கணம். இந்த மூன்றும் கேள்விக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வியை மாணவர்தான் எழுத வேண்டும். குறிப்பேட்டில் ஒரு வரி போதும். முதல் சில வாரங்கள் தடுமாறுவார்கள், நீங்கள் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். தன் உடலைப் பற்றிச் சரியான கேள்வி கேட்கத் தெரிந்த மாணவர் போன் இல்லாமலே பாதி திருத்திக்கொள்வார்.

படி 2: அனுமதி

இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். மாணவர் சிறுவர் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பயிற்சிக்காக எடுப்பதற்கும் சமூக ஊடகத்தில் போடுவதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்தவர் இன்னொன்றுக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெற்றோர் சரி என்றாலும் அன்றைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். காரணமும் கேட்க வேண்டாம். நடனம் கற்கும் உடல் எப்போதும் அடுத்தவர் பார்வைக்குக் கீழேயே இருக்கிறது. கண்ணாடி, ஆசிரியர், உடன் ஆடுபவர்கள். அதோடு ஒரு லென்ஸையும் சேர்க்கிறோம் என்ற நினைப்பு நமக்கு எப்போதும் இருக்க வேண்டும். ஒரு சின்ன வேலை: கேமரா செட்டிங்ஸில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் குழந்தை எந்த இடத்தில் வகுப்புக்கு வருகிறது என்ற தகவலும் வீடியோவோடு சேர்ந்தே பயணப்படும்.

படி 3: போனை எங்கே வைப்பது

கையில் பிடித்து எடுக்காதீர்கள். சின்ன ட்ரைபாட் ஒன்று போதும். அது இல்லையென்றால் நாற்காலி மேல் புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வைக்கலாம். கேமரா அசைந்தால் ஆடுபவர் அசைந்தாரா, கேமரா அசைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சமநிலையைப் பற்றிய கேள்விக்கு அந்த வீடியோ உதவாது.

உயரம் ரொம்ப முக்கியம். கேமரா தரையோடு இருந்தால் கால்கள் நீளமாகத் தெரியும்; தாழ்ந்த கைகூடச் சரியான உயரத்தில் இருப்பதுபோல ஏமாற்றும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் அரைமண்டியின் ஆழம் தெரியாது, எல்லோரும் நன்றாக அமர்ந்திருப்பதுபோலவே இருக்கும். ஆடுபவரின் இடுப்புயரம்தான் பொதுவாக நம்பத்தக்கது. எந்த மூட்டைப் பார்க்கப் போகிறீர்களோ அதற்கு நேராக லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது கோணம். முதுகு வளைவு, முன்னால் சாய்தல், குதிகால் எப்போது எழுகிறது, இவையெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். முழங்கால் விரிவு, தோள்களின் சமநிலை, எடை எந்தக் காலில் இருக்கிறது, இவற்றுக்கு முன்புறம். பலர் மறப்பது பின்புறம். தோள்பட்டை எலும்பு இறுகுவதும் இடுப்பு ஒரு பக்கம் ஏறுவதும் பின்னாலிருந்து பார்த்தால்தான் பளிச்சென்று தெரியும். ஒரே அசைவை மூன்று கோணத்தில் எடுக்கும் பழக்கம் வேண்டாம். கேள்விக்கு எந்தக் கோணம் பதில் சொல்லுமோ அதை மட்டும் எடுங்கள்.

தூரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: போனின் முதன்மை லென்ஸில், போனைப் படுக்கவைத்து எடுக்கும்போது, திரையில் விழும் அகலம் தூரத்தைவிடச் சற்றே அதிகம். நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் நாலரை முதல் ஐந்து மீட்டர் அகலம் கிடைக்கும். போனுக்குப் போன் மாறும். தரையில் இரண்டு முனையிலும் ஒரு பொருளை வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று அகன்ற லென்ஸுக்கு மாறினால் ஓரங்களில் உடல் இழுபட்டுத் தெரியும். ஓரத்தில் ஆடும் குழந்தையின் நீட்டிய கை இயல்பைவிட நீளமாகத் தெரியும். கோடுகளையும் வடிவங்களையும் பார்ப்பதற்கு அந்த லென்ஸ் சரிப்படாது. குழு நகரும் வழிகளைப் பார்ப்பதற்குப் பரவாயில்லை.

சரியான இடம் கிடைத்ததும் ட்ரைபாடின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். ஆடுபவர் நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து எடுத்தால்தான் இரண்டு வீடியோக்களையும் ஒப்பிட முடியும்.

படி 4: வெளிச்சமும் செட்டிங்ஸும்

பெரும்பாலான போன்கள் இயல்பாக நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும். அதாவது ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லிநொடி. பாதம் தரையில் விழும் கடைசி வேகமான பகுதிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பிரேமில் அதற்கு மூன்று படம் கிடைக்கும். 120இல் பன்னிரண்டு, 240இல் இருபத்துநான்கு. முகபாவத்துக்கும் மெதுவான அசைவுக்கும் 30 தாராளம். பொதுவான அடவுப் (பரதத்தின் அடிப்படை அசைவுத் தொகுதி) பயிற்சிக்கு 60 வையுங்கள். பாதம் தட்டுவது, குதித்து இறங்குவது, சுழற்சி, இவற்றுக்கு மட்டும் ஸ்லோ மோஷனில் 120 அல்லது 240.

பிரேம் எண்ணிக்கையை ஏற்றினால் மட்டும் போதாது, வெளிச்சமும் ஏற வேண்டும். இருட்டான அறையில் சில போன்கள் தாமாகவே பிரேமைக் குறைத்துவிடும்; கை நகரும் இடமெல்லாம் மங்கலாகும். ஜன்னலை ஆடுபவரின் முதுகுப் பக்கம் வராமல் பாருங்கள், நிழலுருவம்தான் மிஞ்சும். ஜன்னல் கேமராவின் முதுகுப் பக்கம் இருப்பதே நல்லது. 240 பிரேமில் எடுக்கும்போது சில எல்இடி, டியூப் விளக்குகள் மினுக்மினுக்கென்று துடிப்பது தெரியும். அது போனின் பழுது இல்லை, மின்சாரத்தின் அலைவு. பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எடுக்கத் தொடங்கும் முன் திரையில் ஆடுபவர் மீது விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடக்கூடும். அழகாக அமைந்த ஓர் ஆட்டத்தை அப்படி இழந்தால் மறுபடி ஆடச் சொல்ல மனசு வராது.

படி 5: ஒலியின் பயணம்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். வீடியோவை வைத்துத் தாளத்தை மதிப்பிடும் பல ஆசிரியர்கள் மாணவர் செய்யாத தவற்றுக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் கடக்க 29 மில்லிநொடி. இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள்: பெரிய கூடம், ஸ்பீக்கரும் போனும் ஒரு கோடியில், மாணவி பத்து மீட்டர் தள்ளி. பாட்டு அவளை அடைய 29 மில்லிநொடி. அவள் சரியாக அதோடு தட்டுகிறாள். அந்தத் தட்டின் ஒலி போனுக்கு வர மறுபடி 29. பதிவில் அவள் தட்டு தாளத்துக்கு 58 மில்லிநொடி பிந்திக் கேட்கும். ஒரு நொடிக்கு நான்கு தட்டு ஓடும் வேகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் 250 மில்லிநொடிதான் இடைவெளி. அதில் கிட்டத்தட்ட கால்பங்கு தள்ளிப்போனால் காதுக்குத் தெரியத்தான் செய்யும். அவள் தாளம் விடவில்லை.

தீர்வு எளிது. ஸ்பீக்கரை ஆடுபவருக்கு அருகே வையுங்கள். அப்போது பாட்டும் தட்டும் ஒரே தூரம் பயணித்து ஒன்றாகவே போனை அடையும். இரண்டுக்கும் இடையே பொருத்தம் கெடாது.

அடுத்தது புளூடூத். கம்பியில்லா ஸ்பீக்கர்களும் இயர்பட்களும் ஒலியை 100 முதல் 300 மில்லிநொடி வரை தாமதிக்கலாம். சில ஆப்கள் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துச் சரிசெய்துவிடும். எல்லா ஆப்களும் செய்வதில்லை. சரிசெய்யாத ஆப்பில் பார்த்தால் பாதம் முந்தி விழுவதுபோலத் தெரியும். ஆகவே தாளத்தை மதிப்பிடும்போது வயர் உள்ள இயர்போன் அல்லது போனின் சொந்த ஸ்பீக்கர். மற்ற நேரத்தில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்.

உங்கள் போனும் ஆப்பும் எப்படி என்று பார்க்க, கேமராவுக்கு ஒரு மீட்டர் முன் நின்று பத்து முறை கைதட்டி எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது கைகள் சேரும் கணமும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று கவனியுங்கள். இரண்டு நிமிட வேலை.

படி 6: வகுப்பில் எடுப்பது

ஒரு மணிநேர வகுப்பில் படமெடுக்கப் பத்து நிமிடம் போதும். உடல் சூடாகி, களைப்பதற்கு முன் உள்ள நேரம் நல்லது. கேள்வியே களைப்பைப் பற்றியது என்றால் மட்டும் கடைசியில் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் 45 நொடி. அதற்கு மேல் போனால் பார்ப்பவருக்குக் கவனம் தங்குவதில்லை.

எடுப்பவர் ஒரு மாணவராக இருக்கட்டும், முறை வைத்து மாற்றுங்கள். அடிபட்டு ஆட முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். லென்ஸ் வழியாக ஒரே அடவைப் பத்துப் பேரிடம் பார்ப்பது பெரிய பாடம். கால்வோ-மெரினோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பாலே கலைஞர்களுக்கும் கபொய்ரா (பிரேசிலின் தற்காப்பு ஆட்டக்கலை) கலைஞர்களுக்கும் இரண்டு வடிவத்தின் வீடியோக்களையும் காட்டி மூளை இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். தாம் பயின்ற வடிவத்தைப் பார்க்கும்போது, அசைவோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. உடலுக்குத் தெரிந்ததைக் கண் வேறு விதமாகப் பார்க்கிறது. வலியால் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லா மாணவரிடமும் போன் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடாதீர்கள். வகுப்புக்கென ஒரே ஒரு போன் போதும், பழையதானாலும் சரி. சொந்தப் போன் இல்லாத பிள்ளைக்கு வகுப்பிலேயே பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

படி 7: பார்ப்பது

வீடியோவை எடுத்த உடனே காட்டாதீர்கள். முதலில் மாணவரிடம் கேளுங்கள்: "என்ன நடந்தது என்று நினைக்கிறாய்?" அவர் சொல்லட்டும். அதன் பிறகு போனைத் திறவுங்கள். தான் உணர்ந்ததும் திரையில் தெரிவதும் எங்கே விலகுகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் பாடம் இருக்கிறது. "கை நேராகத்தான் இருந்தது" என்று நம்பியவள் முழங்கை தொங்குவதைப் பார்க்கும்போது, திருத்த வேண்டியது கையை மட்டுமல்ல, 'நேர்' என்றால் உடலுக்குள் எப்படி இருக்கும் என்ற உணர்வையும்தான் என்று புரிகிறது. அடுத்து உடனே எழுந்து அந்த இடத்தை மறுபடி ஆட வேண்டும், கண்ணாடி பார்க்காமல்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதல் முறை ஒலியோடு, இயல்பான வேகத்தில், நிறுத்தாமல். இரண்டாம் முறை ஒலியை அணைத்து, கேள்வியில் உள்ள உடல் பகுதியை மட்டும். ஒலி இல்லாதபோது கண் கூர்மையாகிறது. பாட்டின் அழகு தவற்றை மறைப்பதில்லை. மூன்றாம் முறை பாதி அல்லது கால் வேகத்தில், அந்த ஓர் இடத்தை மட்டும். விஎல்சி போன்ற இலவச பிளேயர்களில் வேகத்தைக் குறைக்கலாம். பெரும்பாலான போன்களின் கேலரியிலேயே விரலால் இழுத்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தலாம். தாளத்தைப் பற்றிய கேள்வி என்றால் நான்காவதாகப் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். பாதங்களின் ஒலி ஒரே கனத்தில் விழுகிறதா? வலது அழுத்தமாகவும் இடது சோர்வாகவும் இருக்கிறதா? கண் மன்னித்துவிடுகிற பல விஷயங்களைக் காது மன்னிப்பதில்லை.

முடிந்ததும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கேள்விக்கான பதில், அடுத்த வாரம் முயல வேண்டிய ஒன்று. இரண்டு மூன்று வேண்டாம்.

அடிக்கடி காட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. உடற்திறன் கற்றலை ஆராய்ந்த சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். ஒவ்வொரு முயற்சிக்கும் பின் உடனடியாகப் பின்னூட்டம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது நன்றாகச் செய்வார்கள், ஆனால் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வார்கள். அதை எடுத்துவிட்டால் தடுமாறுவார்கள். மேடையில் யாரும் வீடியோ காட்டப் போவதில்லை. அதனால் ஒரு பகுதிக்கு வாரம் ஒருமுறை வீடியோ, மற்ற நாட்களில் உடலின் உணர்வு, ஆசிரியரின் சொல். ஒரு பாடத்தின் தொடக்க நாட்களில் கொஞ்சம் அதிகமாகக் காட்டலாம். தேறத் தேறக் குறையுங்கள்.

ஒருவரின் வீடியோவை இன்னொருவருடையதோடு பக்கத்தில் வைத்து எல்லோர் முன்னும் காட்டுவதை நான் அறவே விட்டுவிட்டேன். ஒருவரின் இன்றைய வீடியோவை அவருடைய போன மாத வீடியோவோடு வைப்பேன். அது போதும்.

படி 8: வீட்டுப் பயிற்சிக்கான பொருள்

இங்கே வீடியோவைவிட ஒலிக்குத்தான் என் ஓட்டு. ஒவ்வொரு அடவுக்கும் சொற்கட்டை (அதற்கான தாளச் சொற்களை) சொல்லி, தட்டுக்கழியோடு (தாளம் தட்டும் கோலோடு) மூன்று காலத்திலும் பதிவு செய்து கொடுங்கள். முதலில் ஒரு ஆவர்த்தனம் வெறும் தட்டு வரட்டும். மாணவர் போனை வைத்துவிட்டு வந்து நிற்பதற்கு நேரம் வேண்டும். ஒரு பதிவு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். திரை இல்லாததால் கண் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்கும்.

சீரான இடைவெளியில் தட்டொலி தரும் மெட்ரோனோம் ஆப்பையும் பழக்குங்கள். நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அந்த வேகத்தை மாற்றாமலே ஒரு தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று காலமும் ஆடச் சொல்லுங்கள். ஓடும் தட்டு மாறாமல் உடல் மட்டும் இரட்டிப்பதால் காலப்பிரமாணம் (வேகத்தின் சீர்) நிலைக்கிறது. மூன்றாம் காலம் சிதறினால் மெட்ரோனோமை 60இலிருந்து 50க்கு இறக்குங்கள். தெளிவான பிறகு இரண்டு இரண்டாக ஏற்றுங்கள். பாட்டுக்கும் இது பொருந்தும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி பல பிளேயர்களில் இருக்கிறது. முக்கால் வேகம்வரை இனிமையாகவே கேட்கும். அதற்குக் கீழே போனால் மிருதங்கச் சொற்களின் கூர்மை போய்விடுகிறது.

செய்து காட்டும் வீடியோ என்றால் பின்புறத்திலிருந்து எடுங்கள். உங்கள் வலது, பார்ப்பவரின் வலது. குழப்பமே இல்லை. முத்திரைக்கும் முகத்துக்கும் முன்புறம் தேவைப்படும். அந்த வீடியோவை எடிட்டிங் ஆப்பில் இடவலமாகத் திருப்பினால், மாணவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல அப்படியே பின்பற்றலாம். நீங்கள் "வலது கை" என்று சொல்வதும் அவருடைய வலது கையோடு பொருந்தும். ஆனால் திருப்பிய கோப்பின் பெயரிலேயே "திருப்பியது" என்று எழுதிவையுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து அதைப் பார்த்து உருப்படியை (அந்த நடனத்தை) நினைவுகூரும் ஒருவர் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிக் கற்றுக்கொள்வார். செல்பி கேமராவிலும் இந்தச் சிக்கல் உண்டு: ஆடும்போது திரையில் கண்ணாடிபோலத் தெரியும், சேமித்த வீடியோ வேறு விதமாக இருக்கலாம். ஒருமுறை கையில் எழுத்துள்ள தாளைப் பிடித்து எடுத்துப் பாருங்கள்.

காது கேளாத மாணவர் இருந்தால் அதிர்வு தரும் மெட்ரோனோமும், சொற்கட்டை எழுத்தில் ஓடவிடும் வீடியோவும் பெரிய துணை. அந்த எழுத்து மற்ற மாணவர்களுக்கும் உதவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 9: தொலைவிலிருந்து கற்பிப்பது

நேரலை வகுப்பைவிட, மாணவர் எடுத்து அனுப்பும் வீடியோதான் நுட்பத்துக்கு நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கி விரல்கள் கலங்கிவிடும். அதையே 'டாக்குமென்ட்' ஆக இணைத்தால் தரம் குறையாமல் வரும். மாணவர் தன் கேள்வியையும் கூடவே அனுப்ப வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வையுங்கள். உங்கள் பதிலைக் குரல் பதிவாக, ஒரு நிமிடத்துக்குள், "12ஆவது நொடியைப் பார்" என்று இடத்தைச் சொல்லித் தாருங்கள். எழுத்தில் கடுமையாகத் தெரிகிற திருத்தம் குரலில் அன்போடு போய்ச் சேர்கிறது.

நேரலையில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும்: ஒன்றாகத் தாளம் போட முடியாது. உங்கள் தட்டு அவரை அடையவும் அவர் ஆட்டம் உங்களை அடையவும் நேரமாகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் அந்தத் தாமதம் வேறு. ஆகவே பாட்டு மாணவரின் பக்கத்தில்தான் ஒலிக்க வேண்டும். நீங்கள் தாளம் போடாமல் பாருங்கள், முடிந்ததும் பேசுங்கள். குழுவாக ஆடவிட்டு "ஒற்றுமை இல்லை" என்று திருத்தவே வேண்டாம். இன்னொன்று: இந்தச் செயலிகள் பேச்சைத் தவிர மற்றதைச் சத்தம் என்று நினைத்து அடக்கிவிடும். பாதத்தின் தட்டும் தட்டுக்கழியும் காணாமல் போவது அதனால்தான். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இரு பக்கமும் இயக்கினால் திரும்பக் கேட்கும்.

படி 10: உடலை அளக்கும் ஆப்கள்

வீடியோவில் மூட்டுகளைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் காட்டும் ஆப்கள் இப்போது நிறைய வருகின்றன. 2017இல் ஓப்பன்போஸ், 2020இல் கூகுளின் பிளேஸ்போஸ் என்று அடுத்தடுத்து வந்த முறைகள் இவற்றுக்கு வழி திறந்தன. பிளேஸ்போஸ் ஓர் உடலில் 33 புள்ளிகளை அடையாளம் காணும். போனிலேயே உடனுக்குடன் இது நடக்கிறது என்பது உண்மையிலேயே வியப்பானது.

எதற்கு நம்பலாம்? பக்கவாட்டில் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு எவ்வளவு சாய்கிறது, இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதற்கு. அதுவும் அதே மாணவரை அதே கேமரா இடத்திலிருந்து மாதாமாதம் ஒப்பிட. ஒற்றைக் கேமராவில் ஆழம் என்பது கணிப்புதான். கை முன்னால் நீளும் அசைவில் எண்கள் தடுமாறும். தளர்வான உடை முழங்காலை மறைத்தால் புள்ளி எங்கோ போய் உட்காரும்.

ஆப் காட்டும் கோணத்தை ஒருபோதும் இலக்காக வைத்துவிடாதீர்கள். அரைமண்டியிலும் பாலேயிலும் கால் எவ்வளவு வெளிப்புறம் திரும்பும் என்பதில் இடுப்பு மூட்டின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு, அது ஆளுக்கு ஆள் வேறு. எண்ணை எட்டுவதற்காகப் பாதத்தை மட்டும் திருகினால் சுமை முழங்காலில் இறங்கும். முழங்கால் பாதத்தின் திசையில் மடங்குகிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் சரியான விரிவு அதுவே.

அபிநயத்துக்கு இந்த ஆப்களைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். புருவம் எவ்வளவு ஏறியது என்று ஆப் சொல்லலாம். ஏன் ஏறியது என்பதை எதிரில் அமர்ந்திருக்கும் மனிதர்தான் உணர முடியும்.

படி 11: சேமிப்பதும் அழிப்பதும்

ஐபோனில் சுருக்கம் கூடிய வடிவத்தில் 1080பி, 60 பிரேம் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 90 எம்பி ஆகும். 4கே, 60 பிரேம் என்றால் சுமார் 400. இருபது மாணவர், ஆளுக்கு 45 நொடி என்றால் முதல் வகையில் ஒரு வகுப்புக்கு 1.35 ஜிபி. ஒரு மணிநேர வகுப்பு முழுவதையும் 4கேயில் எடுத்தால் 24 ஜிபி. கற்பிக்க 1080பி போதும்.

கோப்பின் பெயரில் தேதி, மாணவரின் முதலெழுத்து, அடவு, கோணம். எடுத்த அன்றே பெயர் வையுங்கள். ஏதோ ஓர் ஆப்பின் உள்ளேயே எல்லாவற்றையும் வைத்துவிடாதீர்கள்; பயிற்சியாளர்களிடையே பிரபலமாக இருந்த கோச்சஸ் ஐ என்ற வீடியோ ஆய்வு ஆப் 2022இல் நிறுத்தப்பட்டது. சாதாரண வீடியோ கோப்பாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும், கடவுச்சொல் உள்ள இன்னொரு இடத்திலும் வைத்தால் எந்த ஆப் போனாலும் கவலையில்லை.

அழிப்பதற்கும் ஒரு நாள் குறியுங்கள். நான் மாதக் கடைசியில் ஒவ்வொரு மாணவரோடும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அந்த மாத வீடியோக்களில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறேன். ஒன்றுதான் அனுமதி. மிக நன்றாக ஆடியதைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். பலர் அப்படிச் செய்வதில்லை. சாய்வதைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி, இடுப்பு மடங்கும் அந்தப் பதினைந்து நொடியைத்தான் வைத்துக்கொண்டாள்.